நாற்பத்தேழு கட்டளைகள்

ஜூன் 3, சனி

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நாளைக்கு யாராவது "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்றால் தேதியோடு எடுத்துக் காட்ட வேண்டும். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னவர்கள் பலர். அப்போதெல்லாம் என்னிடம் தேதி இல்லாமல் போய்விட்டது.

நான் வேலை பார்க்கும் சுடரகம் கண் மருத்துவமனையின் பதிவுக் கூடத்தில் ஆறு ஜன்னல்கள். ஆறிலும் பத்தொன்பது வருஷமாக ஓடுவது நான் தனியாளாக எழுதிய மென்பொருள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டி என்டர் அழுத்தினால் வேலை முடியும். புதுப் பதிவுக்கு ஒன்று, பழைய சீட்டைத் தேட ஒன்று, டாக்டரிடம் அனுப்ப ஒன்று என்று மொத்தம் நாற்பத்தேழு கட்டளைகள். நூற்றெண்பத்திரண்டு பக்கத்தில் கையேடும் எழுதிக் கொடுத்தேன். யாரும் படிக்கவில்லை. திரை ஒருநாளும் படுத்ததில்லை.

இன்று நிர்வாக அதிகாரி ஹமீதா மேடம் கூட்டம் போட்டு, மதுரையிலிருந்து ஒரு கம்பெனி படத்திரை கொண்டுவருகிறது என்றார். கம்பெனிக்காரன் உள்ளே வந்தான். ஞானதுரை. என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன். என் ரெக்கார்டு நோட்டை ஒரே நாளில் தருகிறேன் என்று வாங்கிப்போய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, அப்படியே பார்த்து எழுதி, என்னைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கியவன். இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. நான் மறந்திருப்பேன் என்று நினைத்தானோ என்னவோ, எல்லார் முன்னிலையிலும் கட்டிப்பிடித்தான்.

ஏற்பாடு இதுதான். நாலு வாரம் போட்டி. முதல் மூன்று ஜன்னல்களில் என் கறுப்புத் திரை, அடுத்த மூன்றில் அவன் படத்திரை. ஒரு நோயாளிக்கு எத்தனை நேரம் ஆகிறது என்று டோக்கன் இயந்திரம் குறித்துக்கொள்ளும். ஜூலை முதல் தேதி முடிவு. தோற்றால் எனக்குக் கீழ்த்தளத்துக் கோப்பறைப் பொறுப்பாம். "ரொம்ப அமைதியான இடம் சார்" என்றார் மேடம். ஆறுதல் சொல்கிறாராம்.

அதே முதல் தேதியில் பதிவுக் கூடத்து மேற்பார்வையாளர் பதவியையும் நிரப்புகிறார்கள். முதல் ஜன்னல் சண்முகவடிவு மனுப் போட்டிருக்கிறாள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான், ஆகவே இது கடைசி வாய்ப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னும் மனுப் போட்டாள், கிடைக்கவில்லை. என் அறிக்கைதான் காரணம் என்று கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அறிக்கை உண்மையைச் சொன்னது. யார் எதைத் தட்டினாலும் கணினி ஒரு பதிவேட்டில் எழுதிவைத்துக்கொள்ளும். அதில் பார்த்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் அவள் யூ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தியிருக்கிறாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது. பிள்ளையார் சுழி! தமிழ் உகரத்துக்கு ஆங்கில யூ! ஒரே வருஷத்தில் அறுபதாயிரம் தவறுகள். அறுபதாயிரம் தடவையும் திரை அவளைத் திட்டியிருக்கிறது. அந்தத் திட்டை எழுதியவனே நான் என்பதால் அதன் காரம் எனக்குத் தெரியும். அப்படியும் நிறுத்தவில்லை. 'கவனக்குறைவு, மூடநம்பிக்கை' என்று எழுதினேன். அந்தப் பழக்கத்தை மற்ற ஜன்னல்களுக்கும் தொற்றவைத்தவள் அவள்தான்.

ஜூன் 5, திங்கள்

போட்டியின் முதல் நாள். கறுப்புத் திரையில் ஒரு நோயாளிக்கு ஒரு நிமிஷம் எட்டு வினாடி. படத்திரையில் மூன்று நிமிஷம் நாற்பது வினாடி.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன், மனசு நிறைவாக இருக்கிறது.

படத்திரை பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. நாலாம் ஜன்னலில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ரெஜினா. எழுதியதைச் சேமிக்க ஒரு சதுரமான நீலப் படத்தை அழுத்த வேண்டும். அது என்ன படம் என்று ஞானதுரையிடம் கேட்டாள். ஃபிளாப்பி என்றான். ஃபிளாப்பி என்றால் என்ன என்று கேட்டாள். நாங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த அந்தத் தகட்டை அவள் பார்த்ததே இல்லையாம். படம் என்றால் பச்சைப்பிள்ளைக்கும் புரியும் என்று சனிக்கிழமை பிரசங்கம் செய்தவன், இன்று பத்து நிமிஷம் ஃபிளாப்பியின் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தான். வரிசை வாசல் வரை போனது. பூதக்கண்ணாடிப் படம் தேடுவதற்காம். ஐந்தாம் ஜன்னல்காரி அது கண் பரிசோதனை என்று நினைத்து, வெறும் சீட்டு வாங்க வந்தவரைப் பரிசோதனை அறைக்கு அனுப்பிவிட்டாள்.

வடிவு இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பதிந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு யூ.

ஜூன் 6, செவ்வாய்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை அணைக்க மறந்தது நான் இல்லை.

ஜூன் 8, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஞானதுரை என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். கேட்காமலே என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளம் எடுத்தான். இதையும் குறித்துக்கொள்கிறேன்.

என் திரை பள்ளிக்கூட வாத்தியார் மாதிரியாம். பதில் தெரிந்தவன் மட்டும் வாயைத் திற என்று பிரம்போடு நிற்கிறதாம். அவன் திரை சாப்பாட்டுக் கடையாம். இன்றைக்கு என்ன உண்டு என்று வாசலிலேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறதாம்.

"தெனம் வர்றவன் பலகையைப் பாப்பானா, லே?" என்று கேட்டேன். "உக்காரும்போதே வழக்கம்போலன்னுவான். எல வந்துரும். ஒங்கடையில அவனும் பலகையில ஏழு எடத்துல வெரல் வச்சுக் காமிச்சாத்தான் சோறு."

அவன் அப்பளத்தைக் கடித்தான். அப்புறம், "மொத நாள் வர்றவன்?" என்றான்.

முதல் நாள் வருகிறவன் கையேட்டைப் படிக்க வேண்டும் என்றேன். சிரித்தான். அவன் சிரிப்பு கல்லூரியிலும் இப்படித்தான், வாதம் தீர்ந்துபோனால் வரும்.

ஜூன் 12, திங்கள்

கறுப்பு: ஒரு நிமிஷம் ஆறு வினாடி. படம்: ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி.

ரெஜினா எட்டே நாளில் பழகிவிட்டாள். என் திரைக்கு ஒருவர் பழக ஆறு மாதம் ஆகும். இது குறையென்று சொல்வார்கள். ஆறு மாதம் பாடுபட்டுக் கற்றது ஆயுளுக்கும் மறக்காது என்று நான் சொல்வேன். ரெஜினா எட்டு நாளில் கற்றதை ஒன்பதாம் நாள் மறந்துவிடுவாள்.

(பதின்மூன்றாம் தேதி சேர்த்தது: மறக்கவில்லை.)

ஜூன் 14, புதன்

வடிவு மூன்று நாள் விடுப்பு. மகளுக்குப் பிரசவம். முதல் ஜன்னலுக்கு மாற்று ஆள் இல்லை. வேறு பிரிவு ஊழியர்களுக்குக் கறுப்புத் திரை வராதாம். ஹமீதா மேடம் என்னைப் பார்த்தார். எழுதியவனே உட்கார்ந்தால் என்ன வேகம் போகும் என்று ஞானதுரைக்குக் காட்டலாமே என்று நானும் உட்கார்ந்தேன்.

புதுப் பதிவு, தேடல், அனுப்புதல் இவையெல்லாம் உடனே வந்தன. ஒருவர் போன வருஷம் ஒரு கண்ணில் அறுவை செய்து, இப்போது மறு கண்ணுக்கு வந்திருந்தார். இரண்டு சீட்டையும் இணைக்க ஒரு கட்டளை உண்டு. நான் வைத்ததுதான். எந்த இரண்டெழுத்து என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. கையேட்டை மடியில் வைத்துப் பார்த்தேன். பொருளடக்கம் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கலாம்.

"வேலைக்குப் புதுசா சார்?" என்றார் பெரியவர்.

இல்லை என்றேன்.

"ஒண்ணுமில்ல, தடவுதியளேன்னு பாத்தேன். கண்ணு தெரியாம வந்தது நானாக்கும்னு நெனச்சேன்."

வரிசையில் பத்துப் பேராவது சிரித்தார்கள். இரண்டாம் ஜன்னல் முப்புடாதி என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "சார், யூ போடுங்க" என்றாள். ஒரு படித்த மனுஷனிடம் சொல்கிற பேச்சா இது? சாமியை நம்பி நான் மென்பொருள் எழுதவில்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து, தன் நோயாளி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் சராசரி நாலு நிமிஷம் இருபது வினாடி. இயந்திரத்தில் ஏதோ கோளாறு இருக்கலாம்.

ஜூன் 15, வியாழன்

நாலு நிமிஷம் இரண்டு வினாடி. முன்னேற்றம்.

ஜூன் 17, சனி

வடிவு வந்துவிட்டாள். பேத்தி. எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள், எனக்கும். எட்டு வருஷமாக என்னோடு வேலை தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. மைசூர்பாகும் பேசாமல்தான் கொடுத்தாள்.

சாயங்காலம் ஞானதுரை ஒரு காகிதத்தை ஹமீதா மேடத்திடம் நீட்டினான். என் கணினியின் பதிவேட்டை அவனும் பார்த்திருக்கிறான். கறுப்புத் திரையில் தட்டப்படும் கட்டளைகளில் மூன்றில் ஒன்று தவறு என்று கண்டுபிடித்திருக்கிறான். மூன்றில் ஒன்று தவறாகும் மென்பொருளை மருத்துவமனையில் வைக்கலாமா என்பது அவன் கேள்வி. கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை, பதில் மட்டும் கைவசம் இருந்தது. அது மென்பொருளின் தவறில்லை, ஊழியர்களின் சுழி என்றேன்.

மேடம் பேனாவை மூடினார். "அதை எழுத்துல கொடுங்க சார். வடிவும்மா ஃபைலும் என் மேசையிலதான் இருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால நீங்க எழுதினதுதான் இன்னும்னா, அதையும் தெளிவா சொல்லிடுங்க. முதல் தேதிக்குள்ள எனக்கு வேணும்."

எழுத ஒரு பத்தி போதும். திரை தப்பிக்கும்.

வீட்டில் என் மனைவி பகவதியிடம் இதைச் சொன்னேன். என் திரையில் சரியான வார்த்தையைத் தட்டினால்தான் பதில் வரும், அதுதான் அதன் ஒழுங்கு என்று விளக்கினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "எனக்கு வெளக்கணுமாக்கும். இருவத்தஞ்சு வருசமா நானும் ஒவ்வொரு வார்த்தையா தட்டிப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

குக்கர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஜூன் 19, திங்கள்

எழுதிக் கொடுப்பதைவிட நிரூபித்துக் காட்டுவது மேல். சுழியால் ஒரு பயனும் இல்லை என்றால், அதை எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது அல்லவா? பதிவு முடிந்ததும் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். நாளை முதல் யூ தட்டினால் திரை திட்டாது, தவறு என்று கணக்கிலும் எழுதாது. பேசாமல் இருந்துவிடும். தவறுகள் மூன்றில் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும். ஞானதுரையின் காகிதத்தில் அவன் அல்வா பொட்டலம் கட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 20, செவ்வாய்

எட்டு மணிக்குப் பதிவு தொடங்கியது. எட்டரைக்கு மூன்று கறுப்பு ஜன்னல்களிலும் வரிசை நகரவில்லை. ஒன்பதுக்கு வாசல் தாண்டி, வண்டி நிறுத்துமிடம் தாண்டி, டீக்கடை வரை ஆள் நின்றது. டீக்கடைக்காரருக்கு மட்டும் நல்ல நாள். மூன்றாம் ஜன்னலில் எப்போதும் முழு நிலவு மாதிரி சிரித்த முகமாக இருப்பவள், திரையைப் பார்த்தபடி கண் கலங்கி நின்றாள். முப்புடாதி நோயாளிகளைப் படத்திரை ஜன்னல்களுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானதுரை கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான்.

வடிவு மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட மெதுவாக. ஒன்பதே காலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், லிஸ்டு வரமாட்டேங்கு."

எந்த லிஸ்ட் என்று கேட்டேன்.

"யூ போட்டா வருமே, அந்த லிஸ்டு."

பக்கத்து நாற்காலியை இழுத்து, கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் திரைக்கு ஒரு திட்டு எழுதினேன் என்றேன் அல்லவா? இல்லாத கட்டளையைத் தட்டினால், 'இப்படி ஒரு கட்டளை இல்லை. இருப்பவை இவைதான். இனியாவது படிக்கவும்' என்று வரும். அதன் கீழே நாற்பத்தேழு கட்டளைகளும், எது எதற்கு என்ற ஒரு வரி விளக்கத்தோடு வரிசையாக வரும். தண்டனை என்று நினைத்துத்தான் வைத்தேன். பள்ளியில் நூறு தடவை எழுதச் சொல்வார்களே, அந்த மாதிரி. திட்டு மட்டும் நினைவிருந்தது, பட்டியலை வைத்ததையே மறந்துபோனேன். நான் தவறாகத் தட்டுகிறவன் இல்லை. தட்டிவிடக் கூடாது என்று கையேட்டைப் புரட்டுகிறவன்.

"அப்ப சாமி கும்பிடல்லையா?" என்று கேட்டேன். இதுதான் என் வாயில் வந்தது.

"மொத நாளு சரஸ்வதி பூஜ சார். அன்னைக்குச் சுழி போட்டது நெசம். போட்ட ஒடனே திட்டு வந்துது. திட்டுக்குக் கீழ எல்லாம் எழுதியிருந்துது. இது நல்லாருக்கேன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். அன்னையிலருந்து திட்டு வாங்கிட்டு வேல பாக்கோம்."

அவளுக்குமா அது வேண்டும், இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா என்று கேட்டேன்.

"எனக்கு முக்காவாசி வெரல்லயே இருக்கு. ஆனா லிஸ்டு கண்ணு முன்னால நின்னா ஒரு தெம்பு. மத்தப் பிள்ளையளுக்கு அதுவும் இல்லன்னா கை ஓடாது."

எழுந்தாள். கதவுவரை போய் நின்றாள்.

"எட்டு வருசத்துக்கு முன்னால கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன் சார். நீங்க கேக்கல. எழுதுனிய."

வரியைத் திருப்பிப் போட்டேன். நாலு நிமிஷ வேலை. பத்து மணிக்கு வரிசை வாசலுக்குள் வந்துவிட்டது.

ஜூன் 21, புதன்

மாவு அரைக்கக் கொடுத்தேன். மழை இல்லை, காற்று மட்டும்.

ஜூன் 23, வெள்ளி

பதிவேட்டைத் திரும்பப் பார்த்தேன், இந்த முறை தவறுகளை எண்ணாமல். யூ தட்டிய பிறகு அடுத்த கட்டளை எத்தனை வினாடியில் வருகிறது என்று பார்த்தேன். வடிவுக்கு ஒரு வினாடிக்கும் குறைவு. முப்புடாதிக்கு இரண்டு. மூன்றாம் ஜன்னலுக்கு மூன்று. யூ தட்டாமல் நேராகக் கட்டளை கொடுத்த நேரங்களைத் தேடினேன். பத்தொன்பது வருஷத்தில் அப்படி நேராகத் தட்டியவர் ஒரே ஒருவர். ஜூன் பதினாலு, பதினைந்து, பதினாறு, மூன்று நாள். சராசரி நாலு நிமிஷம்.

எட்டு வருஷத்துக்கு முன் இதே பதிவேடு என் மேசையில் இருந்தது. யூவுக்கு அடுத்த வரியை நான் படிக்கவில்லை. படிக்காதவர்களைத் திட்டி ஒரு மென்பொருளே எழுதியவன் நான்.

இதை இங்கே எழுதியதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேறு யாரும் அந்தக் கோணத்தில் பார்க்கப்போவதில்லை.

ஜூன் 26, திங்கள்

கறுப்பு: ஒரு நிமிஷம் ஐந்து வினாடி. படம்: ஒரு நிமிஷம் இருபத்தைந்து வினாடி. படத்திரை இதற்கு மேல் இறங்காது. ரெஜினாவின் கை தயாராக இருக்கிறது, ஆனால் ஏழு இடத்தில் அழுத்தியே தீர வேண்டும். மவுஸைத் தள்ளித் தள்ளி மணிக்கட்டு வலிக்கிறது என்று துணி சுற்றிக்கொண்டு வந்தாள். அவளைவிட வேகமாக அந்தத் திரையில் யாராலும் போக முடியாது, அவளாலும் முடியாது. நான் ஜெயிக்கிறேன்.

மேடத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'தவறுகள் அனைத்தும் ஊழியர்களின் பழக்கத்தால் நேர்பவை' என்பது முதல் வரி. அது பொய் இல்லை. பழக்கத்தால்தான் நேர்கின்றன. அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் கறுப்புத் திரை தங்கும், நான் கீழ்த்தளம் போக வேண்டாம், ஞானதுரை மதுரைக்கு பஸ் ஏறுவான். வடிவின் ஃபைலில் எட்டு வருஷத்துக்கு முந்தியது அப்படியே நிற்கும்.

நாலு தடவை படித்தேன். தமிழ் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 28, புதன்

இரண்டாவது வரி எழுதினேன். அடித்தேன். எழுதினேன்.

ஜூன் 29, வியாழன்

பக்ரீத். ஹமீதா மேடம் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்து, பகவதியிடம், நான் செய்த தப்பு ஏதாவது உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டாள்.

ஜூலை 1, சனி

கூட்டம். மேடம், ஞானதுரை, நான், ஆறு ஜன்னல்காரர்கள்.

டோக்கன் இயந்திரத்தின் கணக்கை மேடம் வாசித்தார். கறுப்புத் திரை இருபது வினாடி முன்னால். ஞானதுரை தவறுகளின் கணக்கை எடுத்தான். மேடம் என் பக்கம் திரும்பினார்.

நான் இரண்டு காகிதம் கொண்டுபோயிருந்தேன். முதல் காகிதம், எட்டு வருஷத்துக்கு முன் சண்முகவடிவைப் பற்றி நான் எழுதியது தவறு, அதை ஃபைலிலிருந்து நீக்கவும் என்பது. வாசித்தேன். மின்விசிறியின் சத்தத்தில் முதல் வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, யூ என்பது தவறில்லை, என் திரையில் இல்லாத ஒன்றை ஊழியர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டது, அது இல்லாவிட்டால் இந்தத் திரை ஒரு மணி நேரம்கூட ஓடாது என்பதற்கு ஜூன் இருபது சாட்சி என்பது. அன்று வரியை மாற்றியது நான்தான் என்பதையும் எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஞானதுரைதான் முதலில் வாயைத் திறந்தான்.

"அப்ப ஒன் திரையில ஜெயிச்சது எம் பலகைதான, லே? நீ திட்டுன்னு நெனச்சு எழுதி மாட்டியிருக்கே."

ஆமாம் என்றேன். இந்த வார்த்தையை அவனிடம் சொல்வது இதுவே முதல் தடவை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, தவறுகளின் காகிதத்தை மடித்துவிட்டான்.

மேடம் இரண்டு காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் பதவி சண்முகவடிவுக்கு என்றார். பெண்கள் கை தட்டினார்கள். பிறகு மேடம், "எந்தத் திரைன்னு நான் முடிவு பண்ணப் போறதில்ல. கூடம் இனிமே வடிவும்மா பொறுப்பு, அவங்களே சொல்லட்டும்" என்றார்.

வடிவு எழுந்து நின்றார். பதிலை முன்பே யோசித்து வைத்திருப்பவரைப் போலத்தான் பேசினார். படத்திரை இருக்கட்டும், புதுப்பிள்ளைகள் எட்டு நாளில் பழகுகிறார்கள். ஆனால் திரையின் தலைமாட்டில் ஒரு கட்டம் வேண்டும், அதில் பழைய இரண்டெழுத்தைத் தட்டினால் ஏழு இடத்தில் அழுத்தாமல் வேலை முடிய வேண்டும். தெரிந்தவர் தட்டட்டும், தெரியாதவர் பார்த்து அழுத்தட்டும். மவுஸைத் தொடாமலே முழு நாளும் வேலை பார்க்க முடிய வேண்டும், ரெஜினாவின் கை அவளுக்கு முப்பது வருஷம் வேண்டும். படங்களுக்குக் கீழே தமிழில் பெயர் எழுத வேண்டும். அந்த நீலச் சதுரம் என்னவென்று இனி யாரும் யாருக்கும் பாடம் நடத்தக் கூடாது.

ஞானதுரை குறித்துக்கொண்டே வந்தவன், அந்தக் கட்டத்தை வைக்கப் பழைய நிரல் தெரிந்த ஆள் வேண்டுமே என்றான்.

"இருக்காவல்லா" என்று என்னைக் காட்டினார். "ரெண்டு பேரும் கூடத்துல உக்காந்து செய்யுங்க. அறைக்குள்ள வேண்டாம். ஜன்னலுக்குப் பின்னால ஸ்டூல் போடச் சொல்லுதேன். பிள்ளையள் வேல பாக்கறதப் பாத்துக்கிட்டே செய்யுங்க."

ஆகக் கோப்பறை இல்லை. அதற்குப் பதில் ஸ்டூல், பக்கத்தில் ஞானதுரை.

எல்லாரும் போன பிறகு, படிக்கட்டில் வடிவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். நீங்க இன்னைக்கு வாசிச்சது சரி. அதுக்காவ எட்டு வருசம் இல்லன்னு ஆயிராதுல்லா? நான் மறக்க மாட்டேன். ஒங்கள பாக்கும்போதெல்லாம் நெனப்பேன். வேல அது பாட்டுக்கு நடக்கட்டும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். இந்த மருத்துவமனையில் இத்தனை வருஷத்தில் எனக்கு விளங்குகிற மாதிரி பேசிய மனுஷி இவர் ஒருவர்தான். மறந்துவிட்டேன் சார், பரவாயில்லை சார் என்று சொல்லியிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது. இன்னும் மூன்று வருஷம், வாரத்தில் ஆறு நாள், அவர் என்னைப் பார்ப்பார், நினைப்பார். அது நியாயம். எனக்கு அந்தக் கணக்கு தெரியும், நானே இருபத்தொன்பது வருஷமாக ஒன்று வைத்திருக்கிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

கட்டளைகளின் விளக்கங்களைப் படித்துப் பார்த்தேன். 'முன்பதிவு நோயாளியின் இருவேறு ஆவணங்களை ஒருங்கிணைத்தல்' என்று ஒன்று. நான் எழுதியதுதான். ஜன்னலில் அவர்கள் இதை என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். தெரியவில்லை. முப்புடாதியிடம் கேட்க வேண்டும்.

வடிவு நாளை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஏழே முக்காலுக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். ஞானதுரை வருவதற்குள் சுவரோரம் உள்ள ஸ்டூலைப் பிடித்துவிட வேண்டும்.